பயிற்சியும் படைப்பும்

திருத்தணிகை தமிழகத்தின் வடவெல்லையில் அமைந்த மலையூர். சென்னையினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டாவை நோக்கி வடக்கே திரும்பும் வழியில் இவ்வூர் உள்ளது. மலைமேல் ஏறுவதற்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாள்கள் எத்தனையோ அத்தனை படிகள் என்று அடியார்கள் எண்ணி மகிழ்வர். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்த இவ்வூர், எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழ்நிலத்தோடு இணைந்தது. இன்றும் இதன் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம்.

இம்மலையை இசையுலகம் மற்றொரு வகையாலும் அறியும். முத்துசுவாமி தீட்சிதர் காசியில் பல ஆண்டுகள் குருவினிடம் இருந்து, தென்னாடு திரும்பிய பின்னர், இம்மலைக்கு வந்து முருகன் சந்நிதியில் அமர்ந்திருந்தார். அப்போது முதியவர் ஒருவர் தோன்றி, அவரை வாய் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பர். அவ்வினிமை நாவில் நிற்கும்போதே தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடினாராம். கற்கண்டின் செய்தியை நம்புவோர் நம்புக. கீர்த்தனை இன்றும் உள்ளது. ஸ்ரீநாதாதி எனத் தொடங்கும் அதன் இராகம் மாயாமாளவகௌளை.

இசை பயிலப் புகும் சிறுவர்க்கு முதன்முதல் கற்பிக்கப்படும் சரளி வரிசை அமைந்திருப்பதும் அதே இராகத்தில்தான். புரந்தரதாசர் வகுத்த முறை அது என்பர். தீட்சிதருடைய கீர்த்தனையின் தொடக்கம் அச்சுரங்களின் ஏற்றமும் இறக்கமுமாகவே செல்வதை இசைவல்லார் எடுத்துக்காட்டுவர். ஆயினும் சரளி வரிசையை எவர் பாடினும் அது சரளி வரிசையே. கீர்த்தனையோ ‘குருகுஹ’ என்னும் முத்திரையைத் தாங்கியது. தீட்சிதரன்றி வேறொருவர் அதனைச் செய்திருத்தல் இயலாது. சுரங்கள் ஒன்றாயிருந்தும் இவை இரண்டிற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

இப்பழஞ்செய்தியை ஈண்டு நினைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று திருத்தணிகையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கணினிக் கல்வி பயிலும் இளைஞர் பலர். அவருள் ஒரு பகுதியினர் இணையதளம் அமைக்கும் தொழிலை நாடுகின்றனர். வேலை தேடிச் செல்லும்போது அவர்கள் தம் கைவண்ணத்தைக் காட்டும் தொகுப்பு ஒன்றை உடன் கொண்டு செல்லவேண்டும். தொழிலுலகம் இதனைப் போர்ட்ஃபோலியோ என்று வழங்கும். படைப்புக் கோவை என்று கூறின் பொருந்தும். தச்சன் தான் செய்த நாற்காலியைக் காட்டுதல் போல, இணையதளம் அமைப்பவன் தான் அமைத்த தளங்களையும் அவற்றிற்கு எழுதிய நிரல்களையும் இக்கோவையில் காட்டுகிறான். அதில் எவற்றை வைப்பது? கற்கும் காலத்தில் விடை கண்ட பயிற்சிப் புதிர்களை வைப்பதா? தானே எண்ணித் தானே செய்த படைப்புகளை வைப்பதா? இக்கேள்வி சிறிதுபோல் தோன்றும். ஆயின், குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படி ஏறிய ஒருவனுக்குப் பரிந்துரை செய்ய மாமனும் இல்லை, சிற்றப்பனும் இல்லை. அவன் பெற்ற பட்டத்தைப் பல்லாயிரவர் பெற்றுள்ளனர். அவனுக்காகப் பேசவல்லது அக்கோவை ஒன்றே.

பயிற்சிப் புதிர் என்பது யாது? எண்களின் வரிசை ஒன்றைத் தந்து அவற்றுள் பெரியது எது எனக் காணச் சொல்லுதல். ஒரு சொல் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாக உள்ளதா எனத் தேரச் சொல்லுதல். ஒரு பக்கத்தின் படத்தைத் தந்து அதனை அவ்வாறே திரையில் அமைக்கச் சொல்லுதல். இவை போன்றன ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றிற்குக் கட்டணம் இல்லை. விடை சரியா தவறா என்பதை அத்தளமே நொடிப்பொழுதில் கூறிவிடும்.

இவற்றை இகழ்வோர் சிலர் உளர். அவர் கூற்று ஏற்கத் தக்கதன்று. விரல் பழகாமல் வீணை பேசாது. நிரல் எழுதுவோர்க்கும் கைப்பழக்கம் வேண்டும். பிழை நேர்ந்த இடத்தைக் கண் உடனே காணவேண்டும். அதனைப் பயிற்சியே தரும். மேலும், இப்புதிர்களால் எளியோர்க்கு விளைந்த நன்மை ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்னும் இருவர் 2009ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று ஹேக்கர்ரேங்க் என்று உலகம் அறிவது அதுவே. வேலைக்கு விண்ணப்பிப்போரை நிரற்புதிர்களால் தேர்ந்தெடுக்கும் முறையைப் பல நாடுகளில் பரப்பியவற்றுள் அதுவும் ஒன்று. புதிருக்கு முன்னால் பெரிய கல்லூரி மாணவனும் சிற்றூர் மாணவனும் நிகர். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இத்தகைய திறன்களைக் கல்லூரி மாணவரிடம் கொண்டு சேர்க்க முயல்வதே. ஆதலின் பயிற்சி வேண்டுமா என்பதன்று வினா. பயிற்சியைப் படைப்பின் இடத்தில் வைக்கலாமா என்பதே வினா.

வைத்தல் தகாது. காரணம் வெளிப்படை. புதிரில் கேள்வியைப் பிறர் அமைத்துவிட்டனர்; விடையின் எல்லையையும் பிறரே வரைந்துவிட்டனர். எதைச் செய்யவேண்டும், எதை விடவேண்டும், யாருக்காகச் செய்யவேண்டும் என்ற முடிவுகள் யாவும் முன்னரே எடுக்கப்பட்டவை. எஞ்சியது வழி காணுதல் ஒன்றே. அவ்வழியோ பலரும் நடந்த வழி. ஒரே படத்தைப் பார்த்து அமைத்த ஒரே பக்கம் நூறு கோவைகளில் காணப்படும்போது, நூற்றோராவது கோவையைத் திறப்பவர் அதனை நின்று பார்ப்பாரா? இக்காலத்தில் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இத்தகைய புதிர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் விடை எழுதித் தருகின்றன. எனவே கோவையில் கிடக்கும் விடை, அதனை வைத்தவன் எழுதியதா என்ற ஐயமும் எழும்.

ஆயினும் புதிரிலிருந்தே படைப்புக்கு வழி திறப்பதுண்டு. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல்லைத் தேரும் புதிரையே எடுத்துக்கொள்க. தமிழில் ‘விகடகவி’ அத்தகைய சொல். பள்ளிச் சிறுவரும் இதனை அறிவர். வழக்கமாக எழுதப்படும் நிரலில் இச்சொல்லை இட்டால் கணினி ‘இல்லை’ என்று விடை கூறும்! ஏன்? ‘வி’ என்பது தமிழர்க்கு ஓரெழுத்து. யூனிகோடு முறையில் அது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. ஐந்தெழுத்துச் சொல் கணினிக்கு ஏழு குறியீடுகளாகி விடுகிறது. ஏழையும் பின்னிருந்து அடுக்கினால் இகரக் குறி வகரத்திற்கு முன்னே வந்து நிற்கும், சொல் சிதையும். ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விடை தமிழுக்குப் பொருந்தவில்லை. இதனைக் கண்ட மாணவன், தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் நிரல் ஒன்றை எழுதி, அது ஏன் தேவைப்பட்டது என்று பத்து வரியில் விளக்கித் தன் கோவையில் வைப்பானாயின், அது அப்போதே பயிற்சி என்னும் நிலையைக் கடந்துவிடுகிறது. கேள்வி இப்போது அவனுடையது.

இனி, சொந்தப் படைப்பு என்னும் பெயரால் நடமாடும் போலிகள் சிலவும் உண்டு. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், அன்றைய வெப்பநிலை காட்டும் பக்கம், கூட்டல் கழித்தற் கருவி ஆகியவற்றைக் காணொளி ஒன்றைப் பார்த்து வரிக்கு வரி எழுதிவிட்டு, ‘இது என் படைப்பு’ என்று வைப்போர் பலர். இவை பயிற்சியினும் தாழ்ந்தவை. பயிற்சி தன்னைப் பயிற்சி என்றே கூறிக்கொள்கிறது. இவை அவ்வாறு கூறுவதில்லை.

உண்மையான படைப்பு எங்கே கிடைக்கும்? தொலைவில் தேட வேண்டுவதில்லை. திருத்தணிகையைச் சூழ்ந்த பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் தறியின் ஓசை கேட்கும். அங்கே நெசவாளர் வீட்டு மகன் ஒருவன் கணினி கற்றான் எனக் கொள்க. நூல் தரும் முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் வருகின்றன. நெய்த துணி திரும்பிச் செல்கிறது. துணிக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கிறது. இடையே முன்பணம் வாங்கப்படுகிறது. அது வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூலியில் கழிகிறது. பழுதுபட்ட துணிக்குப் பிடித்தம் உண்டு. இக்கணக்கெல்லாம் ஒரு பழைய குறிப்பேட்டில் தந்தையின் கையெழுத்தில் இருக்கிறது. ஏடு நனைந்தால் கணக்கும் போகும்.

மகன் இதனை ஓர் இணையப் பக்கமாக அமைக்கப் புகுகிறான். எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் எளிது. அவன் அவற்றைப் புதிர்களில் பழகியவன். ஆனால் புதிர் கேளாத கேள்விகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. பாதி நெய்த பாவை எந்த வாரக் கணக்கில் சேர்ப்பது? முதலாளியின் கணக்கும் வீட்டுக் கணக்கும் மாறுபடின் எதனை முதலில் காட்டுவது? தந்தை தெலுங்கு படிப்பவர். தாய் தமிழ் படிப்பவர். பக்கம் எம்மொழியில் இருத்தல் வேண்டும்? தறிக்கூடத்தில் கைப்பேசிக்கு அலை கிடைப்பதில்லை. அப்போது எழுதிய கணக்கு எங்கே தங்கும்? தவறாக இட்ட எண்ணை அழிக்க விடலாமா, அன்றித் திருத்தியதற்கு ஓர் அடையாளம் வைக்கவேண்டுமா? கடைசிக் கேள்வி கணினிக் கேள்வியே அன்று. அது நம்பிக்கையைப் பற்றியது. ஆயினும் விடை நிரலில்தான் எழுதப்படவேண்டும்.

அவன் எடுத்த முடிவுகளுள் சில தவறாகவும் இருக்கலாம். முதல் மாதம் பிடித்தத்தைக் கூலியோடு கூட்டிக் காட்டியிருக்கலாம்! அதனால் கேடில்லை. கிட்ஹப் போன்ற தளங்களில் ஒரு நிரல் நாளுக்கு நாள் எவ்வாறு மாறியது என்ற வரலாறு முழுவதும் பதிவாகும். தவறு நேர்ந்த நாளும் அது திருந்திய நாளும் அங்கே உள்ளன. நேர்காணல் செய்வோர் அவ்வரலாற்றைப் படித்து, ‘இங்கே ஏன் மாற்றினீர்?’ என்று கேட்பாராயின், அவனால் இடையறாது விடை கூற இயலும். பிறர் எழுதிய விடையை வைத்தவனோ அக்கேள்வியில் நின்றுவிடுவான்.

தம் கேள்வியைத் தாமே கேட்டுக்கொண்டோரின் மரபு இவ்வூருக்குப் புதியதன்று. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தது இத்திருத்தணிகையில். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் பயின்ற காலத்தில், வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்ற குறைகூறல் எழுந்தது. தேர்வு வினாக்களுக்கு விடை எழுதிப் பட்டம் பெறுதலோடு அவர் நின்றிருக்கலாம். அவ்வாறு நில்லாமல், தம்மை உறுத்திய அக்கேள்வியையே பொருளாகக் கொண்டு வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். அது 1908ஆம் ஆண்டில், அவருக்கு வயது இருபதாக இருந்தபோது, நூலாக வெளிவந்தது. அக்கருத்துகளோடு முற்றும் உடன்படாதவரான அவருடைய ஆசிரியர் ஹாக் என்பாரும் அவ்வுரையைப் பாராட்டினார். அவருடைய தேர்வுத் தாள்களை இன்று தேடுவார் யார்?

தமிழ்க் கணிமையும் இவ்வாறே வளர்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கத் தொடங்கியபோது, ‘கணினியில் தமிழை எழுதுக’ என்று அவருக்கு எவரும் புதிர் அமைத்துத் தரவில்லை. சிங்கப்பூரில் ஆசிரியராயும் எழுத்தாளராயும் விளங்கிய நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டில் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் பணியில் ஈடுபட்டபோதும் நிலை அதுவே. தேவை முன்னே நின்றது. திறமை அதனைத் தொடர்ந்து சென்றது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். பெரிய நிறுவனங்கள் பல முதற்கட்டத்தில் புதிர்த் தேர்வையே வைக்கின்றன. அதனைத் தாண்டாதவனுடைய கோவையை யார் திறந்து பார்ப்பர்? இத்தடையில் உண்மை உண்டு. சொந்தப் படைப்பில் மூழ்கிப் பயிற்சியை மறந்தவன் வாயிலிலேயே நின்றுவிடுவான். ஆதலின் நாள்தோறும் சிறிது நேரம் புதிருக்கு ஒதுக்குதல் வேண்டும். காலை வண்டியில் சென்னைக்குச் சென்று மாலை வண்டியில் திரும்பும் இளைஞனுக்கு அப்பயணமே போதும். கைப்பேசியிலும் பல புதிர்களைத் தீர்க்கலாம். ஆயின் வாயிலைக் கடப்பதற்கான சீட்டு வேறு. வீட்டினுள் அமர்ந்து பேசும் பேச்சு வேறு. சீட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார் இலர். மேலும், எல்லா நிறுவனமும் ஒரே வழியில் செல்வதில்லை. ஸோஹோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் பள்ளிப் படிப்பு முடித்தோரைத் தேர்ந்து, உதவித்தொகை அளித்துத் தானே பயிற்றிப் பணியில் அமர்த்தி வருகிறது. அங்கே கல்லூரிப் பட்டம் கேட்கப்படுவதில்லை.

இதனினும் கடுமையான தடை ஒன்றுண்டு. வீட்டில் கணினி இல்லாத மாணவன் என் செய்வான்? கல்லூரிக் கூடத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் புதிர் ஒன்றை முடித்துவிடலாம். படைப்பை முடிக்க இயலாது. இது அவன் குற்றமன்று. கூடத்தை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கும் கல்லூரி, பத்துச் சான்றிதழ்ப் பயிற்சிகளினும் மிகுந்த நன்மையை அவனுக்குச் செய்வதாகும். அதுவரையில், அவன் ஒரு சிறு படைப்பையே மேற்கொள்க. ஐந்து தளங்கள் வேண்டா, ஒன்று போதும். அது பிறரால் பயன்படுத்தப்படுவதாக இருந்தால் சாலும்.

கோவையைக் காப்பவர் புதிர்களை முற்றும் நீக்கவேண்டும் என்பதில்லை. கடைசியில் ஒரு மூலையில், ‘பயிற்சிகள்’ என்று வெளிப்படையாகப் பெயரிட்டு, தேர்ந்த இரண்டு மூன்றை வைக்கலாம். 2014ஆம் ஆண்டில் குவின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோடுகேம்ப் என்னும் இலவசக் கல்வித் தளம் சிறு சிறு பயிற்சிகளால் மாணவரை நடத்திச் சென்று, சான்றிதழ் பெறும் கட்டத்தில் முழுத் திட்டங்களைச் செய்யுமாறு கேட்கிறது. அத்திட்டங்களிலும் கேள்வி பிறருடையதே. எனினும் வடிவத்தில் மாணவனுக்கு உரிமை உண்டு. இடைப்படியாக அதுவும் நன்றே. அவ்வாறு செய்ததைத் தன் ஊரின் ஒரு தேவைக்கு ஏற்ப மாற்றிவிட்டால் இன்னும் நன்று. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடியோடு வந்த முதியவர் ஒருவர் தம் வண்டி நின்ற இடத்தைக் காணாது அலைவதை இவ்வூரில் பார்க்காதவர் இல்லை.

நெசவாளர் மகனின் கணக்குப் பக்கம் இரண்டாம் மாதத்தில் ஒருவாறு நிலைபெற்றது எனக் கொள்க. தந்தை தெலுங்கில் பார்க்கிறார். தறிக்கூடத்தில் எழுதிய எண்கள் வெளியே வந்தவுடன் தாமே சென்று சேர்கின்றன. ஒருநாள் இரவு தாய் கைப்பேசியை வாங்கி, கையை நீட்டித் தொலைவில் பிடித்துப் பார்க்கிறாள். ‘எழுத்து ரொம்பச் சிறிதாக இருக்கிறது, தம்பி’ என்கிறாள். அவன் எழுத்தைப் பெரிதாக்குகிறான். பெரிதாக்கியதும், வரியின் இறுதியில் இருந்த பிடித்தத் தொகை அடுத்த வரிக்கு இறங்கி, முன்பணத்தின் கீழே சென்று நின்றுவிடுகிறது. அவன் மீண்டும் கணினியைத் திறக்கிறான்.